ஆமோதிக்க ஆளில்லை

எங்கள் ஊர்ச் சமூக சேவைக் கழகத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. யாராவது ஒருவர் எழும்பி, "இதை இப்பிடிச் செய்ய வேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்" என்று சொல்லுவார். உடனே எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். நான் கதிரையிலிருந்து பாதி எழும்பி, நிலத்தைப் பார்த்தபடி "ஆமோதிக்கிறன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவேன். ஒருவர் பிரேரித்ததை இன்னொருவர் ஆமோதித்தால்தான் அது தீர்மானம் என்பது கழகத்தின் யாப்பில் எழுதிய விதி. அந்த இன்னொருவர் எப்போதும் நான்தான். ஊரில் எனக்குப் பட்டப்பெயரே 'ஆமோதிப்பு' என்றாகிவிட்டது. "ஆமோதிப்பு கடலாலை வந்திட்டுதோ?" என்று என் மனைவியிடமே கேட்பார்கள். அவளும் கோபிக்காமல் "ஓம், வந்திட்டுது" என்பாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கழகத்தின் முதல் கூட்டத்தில் நான் ஆமோதித்ததுகூட நானாகச் செய்ததல்ல. பின்னால் இருந்தவர் காலை நீட்டியபோது என் கதிரை சரிந்தது. விழாமல் இருக்க எழும்பினேன். "நல்லது, தம்பி ஆமோதிக்கிறார்" என்று செயலாளர் எழுதிவிட்டார்.

மற்றவர்களுக்கு ஆமோதிக்கத் தெரியாது என்றில்லை. எங்கள் கழகத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. பிரேரித்தவர் பேசிவிட்டுப் போய்விடுவார். ஆமோதித்தவன்தான் அதைச் செய்து முடிக்க வேண்டும். திருநாளுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட வேண்டும் என்று செயலாளர் பிரேரித்தால் கிடுகு சுமப்பது நான். மைதானத்தில் உடைமுள்ளு வெட்ட வேண்டும் என்று தலைவர் பிரேரித்தால் கத்தியோடு வெயிலில் நிற்பது நான். முறைப்பட்டால், "நீர்தானே ஆமோதிச்சனீர்?" என்பார்கள். இந்த இரகசியத்தை ஊர் முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஆமோதிப்பு என்ற சொல்லை என்னைத் தவிர யாரும் வாயில் எடுக்கவில்லை.

கழகம் பிறந்தது சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில். முகாமிலிருந்து வந்தவர்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்கள், சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் தகரக் கொட்டில்களுக்குள் இருந்தோம். அப்போது தொண்டு நிறுவனத்து ஜீப்புகள் வரத் தொடங்கின. இறங்கி வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நீங்கள் என்ன சங்கம்?" தனி ஆளுக்கு உதவி இல்லை, சங்கத்துக்குத்தான் உதவி. அவ்வளவுதான். ஒரு வீட்டில் தகப்பன் மீனவர் சங்கம், தாய் மாதர் சங்கம், மகன் விளையாட்டுக் கழகம், மகள் சிறுவர் கழகம். எல்லாரும் கூட்டத்துக்குப் போய்விட்டால் சோறு சமைக்க ஆள் இல்லை. ஆனால் கூட்டத்தில் சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள் என்பதால் அதுவும் ஒரு குறையாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில் எங்கள் கழகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உறுப்பினருக்கு இருக்கக் கதிரை போதாது. சன்னலில் தொங்கினார்கள். ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி இருக்கும். எங்கே, யார், எதற்குக் கேட்டாலும் கொடுப்பதற்குத் தயாராக ஊரே போட்டோக்கொப்பியோடு திரிந்தது. தேத்தண்ணியும் கடிக்கப் பணிசும் வந்தன. கழகத்துக்குச் சீமெந்துக் கட்டடம் வந்தது. மண்வெட்டிகள், தள்ளுவண்டிகள், நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மையால் கழகத்தின் பெயரை எழுதினார்கள். மன்னார் கீரிக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் தலைமைத்துவப் பயிற்சிகூட நடந்தது. ஊரில் எல்லாருக்கும் தலைமைத்துவம் வந்துவிட்டது. பின்னால் வருவதற்குத்தான் ஒருத்தரும் மிஞ்சவில்லை.

பிறகு ஜீப்புகள் வருவது நின்றது. 'புரொஜெக்ட் முடிஞ்சுது' என்றார்கள். முதலில் பார்சல் போனது. அதோடு கழகத்தில் பாதிப் பேர் போனார்கள். பணிஸ் போனது. மிச்சத்தில் பாதி போனது. வெறும் தேத்தண்ணிக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சப் பேர், சீனி விலை ஏறியபோது, சமூக சேவையில் தங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்றார்கள். மண்வெட்டிகளும் தள்ளுவண்டிகளும் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒவ்வொன்றாக உறுப்பினர் வீடுகளுக்குப் போயின. அவை இன்றுவரை பாதுகாப்பாகத்தான் இருக்கின்றன.

தலைவர் பிரான்சுக்குப் போனார். அங்கிருந்தபடியும் அவர்தான் தலைவர். ஏனென்றால் புதிய தலைவரைத் தெரிவுசெய்யக் கூட்டம் கூட வேண்டும். கூட்டம் கூடினால் 'கோரம்' இருக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய ஆகக் குறைந்த ஆள்தொகைக்கு அரசாங்கக் கந்தோரில் அப்படிச் சொல்லுவார்கள். எங்களுக்குப் பதினைந்து பேர். 'கோரம் இல்லை, கோரம் இல்லை' என்று செயலாளர் கவலைப்பட்டபோது, கோரம் இல்லாமல் இருப்பது நல்லதுதானே என்றுதான் நான் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு செயலாளரும் கட்டாருக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் பகிடியாகவே போயிருக்கும், அந்தக் கட்டடத்துக்குள் அக்காவின் முன்பள்ளி இல்லாதிருந்தால்.

என் சொந்த அக்கா. அத்தான் இடப்பெயர்வில் இறந்துபோனார். திரும்பி வந்தபோது அக்காவிடம் இருந்தது ஒரு தையல் மெசினும் நல்ல வாயும்தான். மெசின் உப்புக்காற்றில் கறள் பிடித்துவிட்டது. வாய் பிடிக்கவில்லை. கட்டடம் வந்தபோது அவள் பயிற்சி எடுத்து அதிலே சின்னப்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினாள். நண்டு வலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். தாய்மார் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு வலையிலிருந்து நண்டு தெரிக்கப் போவார்கள். அக்காவுக்கு அதுதான் சீவியம், அதுதான் மானம். அவளிடம் ஒரு சொல் வாங்காத ஆம்பிளை ஊரில் இல்லை. பிள்ளைக்கு மூக்குத் துடைத்து அனுப்பாத தகப்பனை அவள் கோயில் வாசலில் வைத்துக் கேட்பாள்.

கட்டடம் நிற்பது பள்ளக் காணியில். மாரி தொடங்கினால் பனங்காணித் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கும். அதனால் ஒவ்வொரு வருசமும் மாரிக்கு முன் கழகம் ஊராரைக் கூட்டிச் சிரமதானம் வைத்துக் கடலுக்குப் போகும் வாய்க்காலை வெட்டிவிடும். ஜீப்புக் காலத்தில் அந்தச் சிரமதானத்துக்கு வந்த சனத்தில் வாய்க்காலே தெரியாது. வெட்டியவர்களைவிடப் படம் எடுக்க நின்றவர்கள் அதிகம். கடைசியாக நடந்த சிரமதானத்துக்கு வந்தது நானும் இரண்டு கழுதைகளும். மன்னாரில் கழுதைகளுக்குக் குறைவில்லை. வெயில் ஏற ஏற அவை கழகத்து நிழலில் வந்து ஒதுங்கும். கழகத்தின் மேல் அந்த அளவுக்குப் பற்று உறுப்பினர் எவருக்கும் இருக்கவில்லை.

அந்த வருசம் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர் மிஸ் வந்தா. பொதுக்கூட்டம் இந்த முறையும் கோரம் இல்லாமல் போனால் கழகத்தின் பதிவை நீக்க வேண்டிவரும் என்று சொன்னா. பதிவு போனால் கட்டடம் கழகத்தின் கையில் இல்லை. கழகத்தில் மிச்சம் இருந்த ஒரே பதவிக்காரர் உபதலைவர். அவர் கவலையோடு தலையாட்டினார். அவர் கவலையோடு தலையாட்டினால் ஏதோ யோசித்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டு நாள் கழித்துக் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் பொதுக்கூட்டம்."

"ஓம்."

"கழகத்துக்கு வருமானம் வேணும். நண்டு வாங்கிற முதலாளி ஒராள் கட்டடத்தைக் கேக்கிறார். நண்டு அவிச்சு ஐஸ் போட. அவருக்குக் குடுக்கலாம் எண்டு நான் பிரேரிக்கப்போறன்."

நான் வலையைப் பார்த்தேன்.

"அக்காவுக்கு வேறை இடம் பாப்பம். கோயிலின்ரை பின்விறாந்தை சும்மாதானே கிடக்கு. நீர் வழமைபோலை ஒரு சொல்லு. அவ்வளவுதான். பிறகு அக்காட்டைச் சொல்லி, சாமான்களை ஏத்தி இறக்கிவிட்டால் வேலை முடிஞ்சுது. உம்மடை அக்காதானே, உமக்கு அது லேசு."

அவர் எழும்பிப் போனபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு என் ஆமோதிப்பு தேவைப்பட்டது தீர்மானத்துக்காக மட்டுமல்ல. ஆமோதித்தவன்தான் வேலையைச் செய்ய வேண்டும். அதாவது, அக்காவிடம் போய் 'பள்ளியை இங்கையிருந்து எடு' என்று சொல்ல வேண்டியவன் நான்.

வீட்டுக்குப் போகுமுன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் கூடாவிட்டால் கந்தோர் எடுக்கும். கூடினால் நண்டுக்காரன் எடுப்பான். அப்பிடித்தானே?"

"ஓம்."

"நீ எழும்பி, வேண்டாம் எண்டு சொல்லன்."

"என்னாலை ஏலாது, அக்கா. பேச வராது."

"பதினைஞ்சு பேருக்கு முன்னாலை பேசப் பயம். உவன்ரை நண்டு என்ரை பிள்ளையள் படுக்கிற இடத்திலை கிடந்து நாறினால் பரவாயில்லை. போ, போய் ஆக்களையாவது கூட்டிக்கொண்டு வா. கந்தோருக்குக் குடுக்கிறதிலும் பாக்க எங்கடையாக்களோடை சண்டை பிடிக்கலாம்."

ஊருக்குள் வீடு வீடாகப் போனேன். அந்த இரண்டு நாளில் நான் பேசிய பேச்சை அதற்கு முந்திய இரண்டு வருசத்தில் பேசியிருக்க மாட்டேன். முதலில் பக்கத்து வீட்டு அண்ணை. ஒருகாலத்தில் ஒரு கூட்டம் தவறவிடாதவர். அவருடைய மூன்று பேரப்பிள்ளைகள் அக்காவிடம்தான் படித்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அண்ணை. வாங்கோ."

"என்ன குடுக்கிறாங்கள்?"

"ஒண்டும் குடுக்கேல்லை."

"அப்ப ஏன் கூட்டம்?"

அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அடுத்த வீட்டில் ஒரு இளந்தாரி, போனிலிருந்து கண் எடுக்காமல், "நான் கழகத்தின்ரை வட்ஸ்அப் குறூப்பிலை இருக்கிறன்தானே அண்ணை, நீங்கள் போட்ட அறிவித்தலுக்குக் கைகூப்பிப் போட்டனான்" என்றான். நான் அறிவித்தல் எதுவும் போடவில்லை. அது யாரோ போட்ட மரண அறிவித்தல். அவன் எல்லாவற்றுக்கும் கைகூப்புகிறவன். இன்னொரு வீட்டுக்காரர், தான் உறுப்பினர் இல்லை, இராஜினாமாச் செய்துவிட்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். "மனதளவிலை" என்றார். தோட்டவெளிப் பக்கம் மகளோடு போய் இருக்கும் ஒருவரிடமும் சைக்கிளில் போனேன். அவர் சமூக சேவையைப் பற்றி நெடுநேரம் நன்றாகப் பேசினார். இளம் ஆட்கள் முன்வருவதில்லையே என்று வருத்தப்பட்டார். ஞாயிறு வர நேரமில்லை என்றும் சொன்னார்.

ஞாயிறு பூசை முடிந்தது. சனம் கோயிலிலிருந்து நேரே வீட்டுக்குப் போனது. கட்டடத்தில் நானும், உபதலைவரும், வாசலில் வழமையான இரண்டு கழுதைகளும் இருந்தோம். அக்கா பின்னால் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினாள். அவள் உறுப்பினர் அல்ல; கழகத்தில் பெண்கள் இல்லை, அவர்களுக்கு மாதர் சங்கம். ஆனால் தேத்தண்ணி ஊற்றுவது எந்தச் சங்கத்தின் யாப்பிலும் பெண்களுக்குத்தான்.

உத்தியோகத்தர் மிஸ் கந்தோர் ஜீப்பில் வந்திறங்கினா. பின்னாலேயே நண்டு முதலாளியின் வெள்ளைக் கூலர் லொறியும் வந்தது. இரண்டு வாகனமும் அடுத்தடுத்துக் கட்டடத்துக்கு முன்னால் நின்றன. முதலாளியின் ஆள் ஒருவன் இறங்கி, அளவு நாடாவைப் பிடித்து வாசலை அளந்தான்.

அது போதுமாக இருந்தது. எங்கள் ஊர் ஜீப்பையும் அளவு நாடாவையும் சேர்த்துக் கண்டு வருசக்கணக்காகிவிட்டது. முதலில் சைக்கிளில் ஒருவர் போனார், மெதுவாகத் திரும்பி வந்தார். பிறகு வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் பூசைச் சட்டை மாற்றாமலே ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கதிரை போதாமல் சன்னலில் தொங்கினார்கள். மனதளவில் இராஜினாமாச் செய்தவர் முன்வரிசையில் இருந்தார். பக்கத்து வீட்டு அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"வீடோ, வள்ளமோ?"

"ஒண்டும் இல்லை, அண்ணை."

"ஒளிக்காதையும் தம்பி, நான் மூண்டு கொப்பி கொண்டந்தனான்."

மிஸ் ஆட்களை எண்ணினா. கோரத்துக்கு மேலாகவே இருந்தது. "உங்கடை கழகம் செத்துப்போச்சு எண்டுதானே சொன்னவை, இப்பிடி உயிரோடை இருக்கே" என்று சந்தோசப்பட்டா. போட்டோக்கொப்பிகளோடு எல்லாரும் சிரித்தார்கள்.

உபதலைவர் எழும்பினார். தலைமைத்துவப் பயிற்சியில் பழக்கிய மாதிரியே கைகளை விரித்துப் பேசினார். கழகத்தின் எதிர்காலம், வருமானம், அபிவிருத்தி எல்லாம் அதில் இருந்தன. நண்டு கடைசியில்தான் வந்தது. "ஆகவே இந்தக் கட்டடத்தை முதலாளி அவர்களுக்குக் குடுக்கிறது எண்டும், முன்பள்ளியை வேறை இடத்துக்கு மாத்திறது எண்டும் நான் பிரேரிக்கிறன்."

வீடும் இல்லை, வள்ளமும் இல்லை என்று சனத்துக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் வந்ததுக்கு எதையாவது செய்து முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால் தூக்கியிருப்பார்கள். கை தூக்கச் சொன்னால் ஏனென்று கேட்கிற பழக்கத்தைச் சோதனைச்சாவடிகள் எங்களிடமிருந்து எடுத்துப் பல வருசமாகிவிட்டது.

"ஆமோதிக்கிறது ஆர்?" என்று மிஸ் கேட்டா.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. உடம்பு பழக்கத்தில் தானாகவே பாதி எழும்பிவிட்டது. வாய் திறந்து 'ஆமோ' வரை வந்ததும் உண்மை. அப்போது வாசலில் அக்கா தேத்தண்ணித் தட்டோடு நிற்பதைக் கண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கதிரைகளுக்கு இடம் காணாமல், உபதலைவருக்குப் பின்னால் ஒருவர் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார். அந்தக் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

"தம்பி" என்றார் உபதலைவர்.

நான் நிலத்தைப் பார்த்தேன். நிலத்தைப் பார்ப்பதில் எனக்கு நல்ல பயிற்சி.

"தம்பி ஆமோதிக்கிறார், மிஸ். அவருக்குக் கொஞ்சம் கூச்சம்."

"அவர் வாயாலை சொல்ல வேணும்" என்றா மிஸ். "வேறை ஆரும் ஆமோதிக்கிறீங்களோ?"

ஆமோதிக்கிறவன்தான் செய்ய வேண்டும். செய்ய வேண்டியது, இந்தப் பெண்ணிடம் போய்ப் பள்ளியை இங்கையிருந்து எடு என்று சொல்வது. அவளோ தேத்தண்ணித் தட்டோடு அங்கேயே நிற்கிறாள். முன்வரிசைக்காரர் செருப்பைத் தேடினார். இளந்தாரி போனுக்குள் கைகூப்பினான். உபதலைவர் பக்கத்து வீட்டு அண்ணையைப் பார்த்தார். அண்ணை அவசரமாக எழும்பி, "நான் போட்டோக்கொப்பி குடுக்க வந்தனான்" என்று மிஸ்ஸின் மேசையில் மூன்றையும் வைத்துவிட்டு வெளியே போனார். அவரைப் பின்பற்றி இன்னும் சிலர் வைத்தார்கள். எதற்கென்று அவர்களுக்கும் தெரியாது, மிஸ்ஸுக்கும் தெரியாது.

"ஆமோதிக்க ஆளில்லாட்டில் பிரேரணை செல்லாது" என்று மிஸ் எழுதினா. வேறு பிரேரணை இருக்கிறதா என்று கேட்டா. இல்லை. அப்படியென்றால் அடுத்த பொதுக்கூட்டம்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கும் என்றா. பிரான்சில் இருப்பவர் தலைவராகவே தொடர்ந்தார்.

இதில் நான் வீரம் எதுவும் காட்டவில்லை. அக்காவுக்காக ஊர் எழுந்து நின்றதும் இல்லை. கழகத்தைச் சாகடித்த அதே குணம்தான், 'வேலை நம்முடைய தலையில் விழுந்துவிடக் கூடாது' என்ற அந்தக் குணம்தான், அன்றைக்குக் கட்டடத்தைக் காப்பாற்றியது. எங்கள் ஊர் ஒற்றுமையாக நின்றதை நான் என் கண்ணால் கண்டது அந்த ஒருமுறைதான்.

எல்லாரும் போனபின் அக்கா கோப்பைகளைச் சேர்த்தாள்.

"என்ன, தொண்டையிலை முள்ளோ?" என்றாள்.

"இல்லை."

"அப்ப நல்லது." சின்னக் கதிரையை எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள். சன்னலால் வெளியே பார்த்தாள். வடகிழக்கில் மேகம் கறுத்திருந்தது. "மாரி வருது. வாய்க்காலை வெட்ட வேணும் எண்டு நான் பிரேரிக்கிறன்."

"நீ உறுப்பினர் இல்லையே, அக்கா."

"உறுப்பினர் எல்லாம் கொப்பியைத் தந்திட்டுப் போட்டினம். உன்னைத்தானே கேக்கிறன்."

வாசலில் கழுதைகள் நின்றன. நான் முழுதாக எழும்பி நின்று சொன்னேன்: "ஆமோதிக்கிறன்."

என் மண்வெட்டி பிடி கழன்று கிடந்தது. அதனால் உபதலைவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய முற்றத்தில் கழகத்துத் தள்ளுவண்டிக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவரிடம் மண்வெட்டி ஒன்று இரவல் கேட்டேன். உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பிடியில் கழகத்தின் பெயர் சிவப்பு மையில் அழியாமல் இருந்தது. கொடுக்குமுன் ஒரு கணம் கையில் வைத்திருந்தார்.

"வேலை முடிய மறக்காமல் கொண்டந்து தாரும்" என்றார். "இரவல் குடுத்தால் திரும்பி வாறேல்லை. எங்கடை சனத்தை உமக்குத் தெரியும்தானே."